பட்டா என் பெயரில்

2023 ஜூலை 27, வியாழக்கிழமை. மதியம் அலுவலகத்தில் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்திருந்தபோது செல்பேசி சிணுங்கியது. வங்கிக் கணக்கில் 2,000 ரூபாய் வரவு. பி.எம். கிசான் பணம், 14வது தவணை. அன்றைக்கு ராஜஸ்தானில் சீகர் என்ற ஊரில் விழா வைத்து, பிரதமர் பொத்தானை அழுத்த, நாடு முழுக்க விவசாயிகளின் கணக்குக்குப் போன பணம். அவர்களில் ஒரு விவசாயி சென்னையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார்.

மேசையில் அந்த வாரத்து இதழ் கிடந்தது. பொருளாதாரப் பத்தி என்னுடையது. தலைப்பு: 'தக்காளி நூறைத் தாண்டியபின் விவசாயிக்கு எதற்கு மானியம்?'

குறுஞ்செய்தியை அழித்துவிட்டுச் சாப்பிட்டேன். இதுதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது. அதிர்ச்சியோ குற்ற உணர்வோ ஒன்றும் வரவில்லை. அதற்கு முன் 13 முறை அழித்த பழக்கத்தில் அழித்தேன், அவ்வளவுதான்.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் எனக்கு 2 ஏக்கர் 40 சென்ட் தோட்டம் இருக்கிறது. ஒரு கிணறு, அப்பா பெயரில் வாங்கிய இலவச மின் இணைப்பு, மேட்டில் இரண்டு வேப்பமரம். அப்பா போனபின் 2017ல் பட்டா என் பெயருக்கு மாறியது. நான் அதில் ஒரு செடி நட்டதில்லை. அப்பா காலத்திலிருந்தே ஒருவர் குத்தகைக்குப் பாடுபடுகிறார். உறவில்லை. ஆனால் நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். குத்தகைக்கு எழுத்து எதுவும் கிடையாது. ஆடிப்பெருக்குக்கு ஆடிப்பெருக்கு அவர் பணத்தைக் கொண்டுவந்து கொடுப்பதும் நான் எண்ணாமல் வாங்கிக்கொள்வதும்தான் எங்கள் ஒப்பந்தம். எண்ணாமல் வாங்குவதைப் பெருந்தன்மை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2019 பிப்ரவரியில் திதிக்கு ஊருக்குப் போயிருந்தபோது இந்த ஆறாயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு மனு வாங்கிக்கொண்டிருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் வைத்தே பூர்த்தி செய்தேன். 'நான் வருமான வரி செலுத்துபவன் அல்ல' என்ற உறுதிமொழி அதில் இருந்தது. அதைப் படித்தேன். நான் பத்திரிகைக்காரன், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள் என்பதும் தெரியும். கையெழுத்துப் போட்டேன். 'எல்லாரும் குடுக்கறாங்கப்பா' என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் போட்டிருப்பேன். பிறகு 2022ல் ஆதாரை வைத்து மறுபடி சரிபார்க்கச் சொன்னார்கள். ஒருமுறைக் கடவுச்சொல் வந்தது. ஆறு எண்ணையும் நானே தட்டினேன். ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

எதற்காக? பணத்துக்காக என்றால் அதுவும் முழு உண்மை ஆகாது. ஒரு தவணையில் மிக்ஸியைப் பழுதுபார்த்தோம். மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியாது. இப்போது யோசித்தால், அந்தப் பட்டியலில் என் பெயர் இருப்பது பிடித்திருந்தது. நகரத்தில் நாலு பேர் கூடுகிற இடத்தில் 'அடிப்படையில் நானும் விவசாயிதான்' என்று ஒரு வாக்கியம் வைத்திருப்பேன். அதற்கு அரசாங்கமே ஆண்டுக்கு மூன்று முறை ரசீது அனுப்பியது.

இன்னொன்றையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். 2020ல் தமிழ்நாட்டில் இதே திட்டத்தில் பெரிய மோசடி வெளியே வந்தது. தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, சுமார் 110 கோடி ரூபாய் கைமாறியதாக அரசே சொன்னது. அதைக் கண்டித்து இரண்டு பக்கம் எழுதினேன். 'ஏழை உழவனின் தட்டில் கைவைத்தவர்கள்' என்று அதில் ஒரு வரி வரும். வாசகர் கடிதத்தில் பாராட்டும் வந்தது.

இப்போது அந்தத் தக்காளிப் பத்திக்கு வருகிறேன். நான் என்ன வாதித்தேன் என்று சொன்னால்தான் எங்கே வழுக்கினேன் என்பது புரியும்.

சந்தையில் விலை ஏறினால் விவசாயிக்கு வருமானம் ஏறுகிறது. அந்த நேரத்தில் மானியமும் கொடுத்தால், காய்கறிக் கடையில் ஒரு முறை, வரியாக ஒரு முறை என்று நுகர்வோர் இரண்டு முறை பணம் கட்டுகிறார் என்பது என் வாதம். அமெரிக்காவையும் துணைக்கு அழைத்திருந்தேன். அங்கே 1996 சட்டத்தில் தொடங்கிய நேரடிப் பணம், விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி டாலர் போய்க்கொண்டிருந்தது. 2008க்குப் பிறகு சோளமும் சோயாவும் உச்சத்தில் இருந்த ஆண்டுகளிலும் போயிற்று. அந்தக் கூத்தைத் தாங்கமுடியாமல் 2014ல் நிறுத்தினார்கள். நாம் எப்போது நிறுத்தப்போகிறோம் என்று கேட்டிருந்தேன். தமிழ்நாட்டில் 2021ல் தள்ளுபடியான 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனையும், இலவச மின்சாரத்தையும், உர மானியத்தையும் வரிசையாக நிறுத்தி வைத்துச் சுட்டேன். பொருளாதாரப் பாடப்புத்தகத்து வழக்கப்படி, கொடுத்தே ஆகவேண்டும் என்றால் உரமாகவும் மின்சாரமாகவும் கொடுக்காதீர்கள், அது வீணாகிறது. வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணமாகப் போடுங்கள், அதுதான் ஒழுகாத குழாய் என்று முடித்திருந்தேன்.

ஒழுகாத குழாய். இந்தச் சொற்களை எழுதிய கைக்குத்தான் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. சென்னையில் தக்காளி சில்லறை விலை 150ஐத் தாண்டி நின்றது. தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. ரசத்தில் தக்காளிக்குப் பதில் புளியைக் கூட்டிக்கொண்டிருந்தாள் என் மனைவி. அன்று காலையில் அண்ணனுக்குத் தொலைபேசினேன். நலம் விசாரித்தேன். மழை விசாரித்தேன். பிறகு, 'அண்ணே, இந்த வருஷம் குத்தகையை நாப்பதாயிரமா வெச்சுக்கலாமா?' என்றேன். அதுவரை 30,000. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், 'நீங்க சொன்னாச் சரிங்க தம்பி' என்றார். தொலைபேசியை வைத்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. சந்தை விலைக்கேற்ப வாடகை மாறுவது இயல்புதானே. என் பத்தியின் வாதத்தை நானே நடைமுறைப்படுத்தியதுபோல ஒரு நிறைவு.

செப்டம்பர் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனேன். தோட்டத்துக்கும் போனேன். வரப்பில் தக்காளி கொட்டிக் கிடந்தது. நாலைந்து ஆடுகள் அதையும் முழுசாகத் தின்னாமல் கடித்துக் கடித்துப் போட்டுக்கொண்டிருந்தன. அண்ணன் மோட்டார் ரூமிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். கமிஷன் கடைச் சீட்டுகள், ஆணிபோன துளையோடு. நான் கேட்கவில்லை. அவராகத்தான் எடுத்துவந்தார்.

முதல் சீட்டு ஜூலை கடைசி வாரத்தது. எங்கள் பக்கம் தக்காளிக்குக் கணக்கு 14 கிலோப் பெட்டி. ஒரு பெட்டி 1,100 ரூபாய். எத்தனை பெட்டி என்று பார்த்தேன். பதினொன்று. ஒரு ஏக்கர் தக்காளிக்கு, ஒரு பறிப்புக்குப் பதினொரு பெட்டி. கோடை வெயிலில் வெள்ளை ஈ ஏறி, சுருட்டை விழுந்து, செடி பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. அவருடைய தோட்டத்தில் மட்டுமா? கோலாரிலும் மகாராஷ்டிரத்திலும் அந்த ஆண்டு வைரஸ் தாக்கியதும் சேர்ந்துதான் தக்காளிக்கு அந்த விலையே வந்தது. காய் இல்லாததற்குப் பெயர்தான் விலையேற்றம். அதை நான் வருமானம் என்று எழுதியிருந்தேன்.

இரண்டாவது சீட்டு நான் போனதற்கு மூன்று நாள் முந்தையது. விலையைப் பார்த்து ஆனியிலும் ஆடியிலும் ஊரே நாற்று நட்டிருந்தது. நட்ட எழுபதாவது நாள் எல்லார் தோட்டத்திலும் ஒன்றாய்ப் பழுத்தது. பெட்டி 90 ரூபாய். பெட்டிகள் 62. கையில் பேனா இருந்ததால் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 62 பெட்டிக்கு 5,580 ரூபாய். கமிஷன் பத்துச் சதவீதம், 558. வண்டி வாடகை பெட்டிக்குப் பதினைந்து, 930. ஏற்றி இறக்க 248. பறித்த எட்டுப் பெண்களுக்குத் தலைக்கு 350 வீதம் 2,800. மிச்சம் 1,044 ரூபாய். இதில் நாற்று, குச்சி, கயிறு, மருந்து, அவரும் அவர் மனைவியும் விடிகாலையில் குனிந்து நிமிர்ந்த நாட்கள் எதுவும் சேரவில்லை. நான் ஏற்றிவிட்ட பத்தாயிரமும் சேரவில்லை.

'வெல இருந்தப்போ காயி இல்ல தம்பி. காயி இருக்கறப்போ வெல இல்ல' என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார். பிறகு சீட்டுகளைக் கவரில் போட்டு மடித்து, 'குத்தகைய மட்டும் பொங்கலுக்கு மேல குடுத்தர்றேன்' என்றார்.

சீட்டை எதற்காக எடுத்துக் காட்டினார் என்று அப்போதுதான் புரிந்தது. நான் அவரை நம்பமாட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

அன்று இரவு பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. அரசு கொடுக்கிற ஒவ்வொரு உதவியும் அந்த 2 ஏக்கர் 40 சென்டில் யாருக்குப் போகிறது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். நான் மிகவும் திட்டிய உர மானியம் அவருக்குப் போகிறது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கு வாங்க அவருக்குப் பட்டா தேவையில்லை. கடையில் விரல் ரேகை வைத்தால் போதும். இலவச மின்சாரம், இணைப்பு அப்பா பெயரில் இருந்தாலும், மோட்டார் சுவிட்சைத் தட்டுகிறவருக்குத்தான். ஆனால் கூட்டுறவுக் கடன்? சிட்டாவும் அடங்கலும் வேண்டும். இரண்டும் என்னிடம். அதனால் அவர் கமிஷன் கடையில் முன்பணம் வாங்குகிறார். வாங்கியதால் விலை எப்படி இருந்தாலும் அந்தக் கடைக்கே காயைப் போடவேண்டும். கடன் தள்ளுபடி வந்தபோது அவருக்குத் தள்ளுபடியாக ஒன்றுமே இல்லை. சொட்டுநீருக்குச் சிறு விவசாயிக்கு நூறு சதவீத மானியம் என்கிறார்கள். அதற்கும் நிலப் பத்திரம். வெள்ள நிவாரணம் வந்தாலும் பெரும்பாலும் பட்டாக்காரர் கணக்குதான். கடைசியாக, பாடப்புத்தகம் புகழ்கிற, நானும் புகழ்ந்த, ஒழுகாத குழாய். அது ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் 450 கிலோமீட்டர் தாண்டி என் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது.

வந்த மானியமும் அவரிடம் நிற்பதில்லை. கிணறும் இலவச மின்சாரமும் இருக்கிற தோட்டம் என்பதால்தான் பக்கத்து மானாவாரிக் காட்டைவிட நான் கூடுதல் குத்தகை வாங்க முடிகிறது. அமெரிக்காவிலும் மானியத்தில் ஒரு பங்கு நில வாடகையாக உரிமையாளரிடம் போய்ச் சேர்வதைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பத்திக்காகப் படித்தபோது அது கண்ணில் பட்டது. பத்திக்குத் தேவைப்படவில்லை என்று விட்டுவிட்டேன்.

விலை ஏறும்போது விவசாயிக்கு மானியம் தேவையா என்ற கேள்விக்கு இன்று என்னிடம் வேறு பதில் இருக்கிறது. ஆனால் அதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்பதும் கூடவே இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

விலை ஏறும்போது நம் அரசு சும்மா இருப்பதில்லை. 2022 மே மாதம் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை. ஆகஸ்டில் வெங்காயத்துக்கு 40 சதவீத ஏற்றுமதி வரி, டிசம்பரில் முழுத் தடை. நேபாளத்திலிருந்து தக்காளி இறக்குமதி. எல்லாம் வாங்குகிறவருக்காக. அதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன், நானும் வாங்குகிறவன்தான். ஆனால் விலை ஏறும்போது பிடித்துக் கீழே இழுப்பதும், விழும்போது சந்தை விதி என்று விட்டுவிடுவதும் சேர்ந்தால் மொத்தக் கணக்கு என்னாகும்? 2000 முதல் 2016 வரையிலான ஆண்டுகளுக்கு ஓஇசிடி அமைப்பும் டில்லியின் இக்ரியர் நிறுவனமும் சேர்ந்து கணக்கிட்டன. உரம், மின்சாரம் எல்லா மானியத்தையும் கழித்த பிறகும், இந்திய விவசாயியின் மொத்த வரவில் சராசரியாக 14 சதவீதம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது. மானியம் என்று நாம் சொல்வது, எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பது. நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்கு 33 காசு என்று ரிசர்வ் வங்கியின் ஆய்வுத்தாள் 2024ல் சொன்னது. என் பத்தியை எழுதும்போது மீதி 67 காசு எங்கே போகிறது என்ற கேள்வியே எனக்கு எழவில்லை.

யூரியாவை அள்ளிக் கொட்டி மண் கெட்டுப்போனது உண்மை. இலவச மின்சாரத்தில் நிலத்தடி நீர் இறங்கியதும் உண்மை. அந்தப் பத்தியில் அவ்வளவும் சரிதான். ஆனால் அவற்றை எடுத்துவிட்டுப் பணமாகக் கொடுங்கள் என்பவர்கள், பணம் யாருக்கு என்பதை முதலில் சொல்லவேண்டும். தெலங்கானாவில் 2018ல் ரைத்து பந்து கொண்டுவந்தபோது குத்தகைக்காரர்களை வெளிப்படையாகவே ஒதுக்கினார்கள். ஆந்திரத்தில் 2019ல் ஒரு சட்டம் போட்டு, 11 மாதத்துக்குப் பயிரிடுவோர் உரிமை அட்டை கொடுத்தார்கள். நில உரிமையைத் தொடாத, பயிருக்கு மட்டுமான அட்டை. நல்ல யோசனை. ஆனால் அதற்கு நில உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். உரிமையாளர்கள் போடத் தயங்கினார்கள். ஏன் தயங்கினார்கள் என்று எந்த நிபுணரையும் நான் கேட்க வேண்டியதில்லை.

2024 பொங்கலுக்கு அண்ணன் பணத்தைக் கொண்டுவந்தார், நாற்பதாயிரம். பத்தாயிரத்தை எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். 'எதுக்குங்க தம்பி?' என்று கேட்டார். விலை விழுந்துபோச்சே என்றேன். உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. பி.எம். கிசான் இணையதளத்தில் பணத்தைத் திருப்பிச் செலுத்த ஒரு வழி இருக்கிறது. 15 தவணை வந்திருந்தது. 30,000 ரூபாயைக் கட்டிவிட்டுப் பெயரையும் நீக்கச் சொன்னேன். கட்டிய ரசீதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நல்லவனாக உணர்ந்தேன். பிறகு தோன்றியது: அவர் வயலின் பெயரில் வந்த பணம் என்னிடமிருந்து டில்லிக்குப் போயிருக்கிறது. அவருக்கு ஒரு பைசா போகவில்லை. முன்பு பட்டியலில் ஒரு போலி விவசாயி இருந்தான். இப்போது அந்த நிலத்துக்கு விவசாயியே இல்லை.

போன ஆடியில் அவர் மகன் ஒரு காகிதம் கொண்டுவந்தான். பத்திர எழுத்தரிடம் எழுதிவாங்கிய குத்தகை ஒப்பந்தம். அது இருந்தால் சொட்டுநீர் மானியத்துக்கு மனு போடலாம், கூட்டுறவுச் சங்கத்திலும் கேட்டுப் பார்க்கலாம் என்றான். படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். படித்துவிட்டேன். அதில் எந்தப் பழுதும் இல்லை. ஆனால் 1955ல் வந்த குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், அதன்படி எளிதில் வெளியேற்ற முடியாது, 1969 சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் ஒருமுறை பெயர் ஏறினால் இறக்குவது கடினம் என்று எனக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்து பேசுகிறான். நாளைக்கு நிலத்தை விற்கவேண்டி வந்தால் என்ன செய்வது என்கிறாள் மனைவி. அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறேன் நான். அப்படியானால் போட்டுக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

நான்கு பக்க ஒப்பந்தம். மேசை இழுப்பறையில், மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருக்கிறான் பையன்.